சோடியக் கோடுகள் ஒத்துப்போனால் எல்டிஇ சரியாகிவிடுமா?

மார்ச் 2 — ஒரு வாசகரின் கேள்வி

சூரியனை ஒத்த விண்மீன்கள் சிலவற்றிலும் சிவப்புப் பெருவிண்மீன்கள் சிலவற்றிலும், நிறமாலையில் தெரியும் இருண்ட கோடுகளை வைத்து, சோடியத்தின் அளவைக் கணக்கிட்டு வருகிறேன். 6154, 6160 ஆங்ஸ்ட்ராம் கோடுகள் இரண்டும் 0.03 டெக்ஸ் (மடக்கை அலகு; ஒரு டெக்ஸ் என்பது பத்து மடங்கு) வித்தியாசத்துக்குள் ஒரே விடை தருகின்றன. உள்ளிட வெப்பச் சமநிலை, அதாவது ஒவ்வோர் அடுக்கிலும் அணுக்களின் நிலையை அந்த இடத்து வெப்பநிலையே தீர்மானிக்கிறது என்ற எல்டிஇ கருதுகோள், பொய் என்றால் இரண்டும் இவ்வளவு ஒத்துப்போகுமா? பட்டியலைப் பார்த்து ஓர் எண்ணைக் கழிப்பது எனக்குச் சடங்காகவே தோன்றுகிறது. நான்-எல்டிஇ திருத்தம், அதாவது அந்தச் சமநிலையைக் கருதாத கணக்கு தரும் திருத்தம், இல்லாமலேயே முடிவுகளை வெளியிடலாம் என்று நினைக்கிறேன்.

மார்ச் 2, இரவு

இப்போது வெளியிட வேண்டாம். இரு கோடுகளும் ஒத்துப்போவது உங்கள் அளவீடு சுத்தமாக இருக்கிறது என்பதற்குச் சான்று. சமநிலைக்குச் சான்று ஆகாது. 6154.23, 6160.75 இரண்டுமே அணுவின் எலக்ட்ரான் 3பி என்ற ஆற்றல் மட்டத்திலிருந்து 5எஸ் மட்டத்துக்கு ஏறும் தாவல்கள். மேல்மட்டம் ஒன்றே. கீழே இருப்பவை 3பியின் இரு நுண்பிரிவுகள். அவற்றின் ஆற்றல் வித்தியாசம் மிகச் சிறியது என்பதால் மோதல்கள் இரண்டையும் சேர்த்தே கட்டிப்போட்டிருக்கின்றன. 3பியில் அணுக்கள் எல்டிஇ சொல்வதைவிடக் கூடினாலும் குறைந்தாலும் இரு கோடுகளும் ஒரே பக்கம், ஏறத்தாழ ஒரே அளவு சாயும். ஒரே குட்டையில் ஊறிய மட்டைகள் இவை. ஒன்றுக்கு மற்றொன்று சாட்சி சொல்ல முடியாது.

வேறு கோடுகளுக்குப் போங்கள். 5682, 5688 இணை 3பியிலிருந்து 4டிக்கு. 8183, 8194 இணை 3பியிலிருந்து 3டிக்கு. பிறகு 3எஸ்–3பி தாவலான டி கோடுகள், 5889.95, 5895.92. இவை வெவ்வேறு உயரங்களில் உருவாகின்றன. வலிமையிலும் ஒன்றுக்கொன்று வெகுதூரம். நான்கு இணைகளும் எல்டிஇயில் ஒரே விடையைத் தந்தால் பிறகு பேசலாம். நான் பார்த்த உலோகம் (ஹைட்ரஜன், ஹீலியம் தவிர்த்த தனிமங்கள்) குறைந்த பெருவிண்மீன்களில் அப்படி நடந்ததே இல்லை.

மார்ச் 3

“எல்டிஇ பொய்யா?” என்று இன்னொருவர் கேட்டிருக்கிறார். அது ஒரு கருதுகோள், மிகப் பயனுள்ள கருதுகோள். ஓர் அடுக்கின் வெப்பநிலையும் எலக்ட்ரான் அழுத்தமும் தெரிந்தால் போதும். எந்த மட்டத்தில் எத்தனை அணுக்கள் என்பதை போல்ட்ஸ்மன் சமன்பாடு சொல்லும். எத்தனை அணுக்கள் அயனியாகியிருக்கும் என்பதை 1920ல் மேக்நாத் சாகா தந்த சமன்பாடு சொல்லும். 1925ல் சிசிலியா பேய்ன் சாகாவின் சமன்பாட்டைக் கொண்டுதான் விண்மீன்களில் ஹைட்ரஜனே மேலோங்கியிருப்பதைக் கண்டார். அந்த வழியை யாரும் குறைத்துப் பேச முடியாது.

ஆனால் அதற்கு ஒரு நிபந்தனை உண்டு. அணுவை மேலேற்றுவதும் கீழிறக்குவதும் பெரும்பாலும் மோதல்களாக இருக்க வேண்டும். அப்போதுதான் அந்த இடத்து வெப்பநிலை அணுவுக்குத் தெரியும். சோடியத்தின் 3பி மட்டம் 16 நானோவிநாடி மட்டுமே நிலைக்கிறது. விண்மீனின் மெல்லிய மேலடுக்குகளில், அடுத்த மோதல் வருவதற்குள் அணு ஒளியை உமிழ்ந்து இறங்கிவிடுகிறது. மறுபடி அதை ஏற்றுவதும் ஒளியே. அந்த ஒளி அந்த அடுக்கில் பிறந்ததல்ல. கீழேயிருந்து வருகிறது, பக்கத்திலிருந்து வருகிறது, ஒரு பகுதி வெளியே தப்பிப் போயும்விடுகிறது. ஆக அணு கேட்பது தன் அடுக்கின் சொல்லை அல்ல, வேறு அடுக்குகளின் சொல்லை. சமநிலை உடைவது இங்கேதான்.

இதை நீங்களே கணக்கிட்டுப் பார்க்கலாம். சூரிய வட்டின் நடுவில் டி2 கோட்டின் (5889.95) அடித்தளம், சுற்றியுள்ள தொடர்நிறமாலையின், அதாவது கோடில்லாத பகுதியின், பிரகாசத்தில் ஏறத்தாழ 5 சதவீதத்துக்கு இறங்குகிறது. தொடர்நிறமாலை வருவது ஏறத்தாழ 6400 கெல்வின் அடுக்கிலிருந்து. எல்டிஇ சரியென்றால் கோட்டின் அடித்தளப் பிரகாசம், அது உருவாகும் அடுக்கின் பிளாங்க் சார்புக்கு, அதாவது அந்த வெப்பநிலையில் சமநிலையில் உள்ள பொருள் உமிழும் ஒளியளவுக்கு, சமமாக இருக்க வேண்டும். 5890 ஆங்ஸ்ட்ராமில் பிளாங்க் சார்பு 6400 கெல்வினுக்குரிய மதிப்பில் 5 சதவீதமாகக் குறைய வெப்பநிலை ஏறத்தாழ 3600 கெல்வினாக இருக்க வேண்டும். வழக்கமான சூரிய மாதிரிகளில் ஒளிமண்டலத்தின் மிகக் குளிர்ந்த இடமே 4200 முதல் 4400 கெல்வின். அதற்கு மேல் நிறமண்டலத்தில் வெப்பநிலை திரும்ப ஏறுகிறது. 4400 கெல்வினை எடுத்துக்கொண்டால் எல்டிஇ கோடு 17 சதவீதத்தோடு நின்றிருக்கும். வானம் காட்டுவது அதில் மூன்றில் ஒரு பங்குக்கும் குறைவு. 3600 கெல்வின் அடுக்கு ஒன்றை நாம் கற்பனை செய்துகொள்ளத் தேவையில்லை. தப்பித்துப் போன ஒளியே அந்த இருட்டு.

மார்ச் 3, பின்னிரவு

மேலே சொன்னதற்கு ஒரு சேர்க்கை. இரு மட்டங்கள் மட்டுமே கொண்ட ஓர் அணுவையும், வெப்பநிலை எங்கும் ஒன்றாக இருக்கும் ஒரு வளிமண்டலத்தையும் எடுத்துக்கொண்டால் இதற்கு அழகான விடை உண்டு. உறிஞ்சப்படும் ஒளித்துகள்களில் மோதலால் அழியும் பங்கு நூறில் ஒன்று என்றால், மேற்பரப்பில் மூலச் சார்பு (அந்த அடுக்கு கோட்டில் உண்மையில் தரும் ஒளியளவு) பிளாங்க் மதிப்பில் பத்தில் ஒன்றாக விழுகிறது. அந்தப் பங்கின் வர்க்கமூலம். வெப்பநிலை ஒரு கெல்வின்கூடக் குறையாமலே கோடு பத்து மடங்கு இருண்டுவிடுகிறது. இந்த எளிய கணக்கைத் தாளில் போட்டுப் பார்க்காமல் யாரும் திருத்தப் பட்டியலைத் தொடக்கூடாது என்பது என் உறுதியான எண்ணம்.

மார்ச் 5

கேள்வி கேட்டவர் திரும்ப வந்திருக்கிறார். “நீங்கள் சொல்வது டி கோட்டின் அடித்தளம். நான் அளப்பது மெல்லிய கோடுகள். அவை ஆழத்தில் உருவாகின்றன. அங்கே மோதல்கள் போதுமான அளவு உண்டு.”

பாதி நியாயம். மெல்லிய கோடுகளில் விலகல் குறைவுதான். ஆனால் பூச்சியம் அல்ல. ஏன் என்பது சோடியத்தின் பிறவிக் குணத்தில் இருக்கிறது.

சோடியத்தின் வெளி எலக்ட்ரானைப் பிடுங்க 5.14 எலக்ட்ரான் வோல்ட் போதும். சூரிய ஒளிமண்டலத்தில் சாகா சமன்பாட்டைப் போட்டுப் பாருங்கள்: ஆயிரம் சோடிய அணுக்களில் ஒன்றுகூட நடுநிலையில் இருக்காது. மற்றவையெல்லாம் அயனிகள். அந்த அயனியோ நியானைப் போல மூடிய ஓடு கொண்டது. அதன் முதல் கிளர்வு மட்டமே ஏறத்தாழ 33 எலக்ட்ரான் வோல்ட் உயரத்தில். ஆகவே கண்ணுக்குத் தெரியும் ஒளியில் அது ஒரு கோடுகூடப் போடாது. நாம் அளக்கும் எல்லாச் சோடியக் கோடுகளும் அந்தச் சிறுபான்மை நடுநிலை அணுக்களுடையவை. பெரும்பான்மையைப் பார்க்காமலே அதன் எண்ணிக்கையைச் சொல்கிறோம்.

இப்போது பாயும் திசையைப் பாருங்கள். மேலடுக்குகளில் கோடுகளின் ஒளித்துகள்கள் வெளியே தப்பிக்கின்றன. தப்பிக்கும் ஒவ்வொன்றும் ஓர் அணுவை ஒரு படி கீழே விட்டுப் போகிறது. மேல்மட்டங்கள் காலியாகின்றன, அந்த வெற்றிடத்தை நிரப்ப அயனிகள் எலக்ட்ரானைச் சேர்த்துக்கொண்டு இறங்குகின்றன. கீழே மடையைத் திறந்தால் ஏரி நீர் இறங்கிக்கொண்டே இருப்பது போல, அயனிக் கடலிலிருந்து நடுநிலை மட்டங்களுக்கு ஓயாத ஓட்டம். ஏரி பெரிது, மடை சிறிது; எவ்வளவு இறங்கினாலும் ஏரியின் மட்டம் குறைந்ததே தெரியாது. 1992ல் புரூல்ஸ், ருட்டன், ஷுகினா மூவரும் சோடியம், பொட்டாசியம் போன்ற கார உலோகங்களுக்கு இதை விரிவாகக் காட்டினார்கள். தப்பும் ஒளித்துகள்கள் அயனிகளைக் கீழே இழுப்பதால் இதற்கு ஒளித்துகள் இழுப்பு (photon suction) என்று பெயர்.

விளைவு இரண்டு. கீழ்மட்டங்களில் அணுக்கள் எல்டிஇ எண்ணிக்கையைவிடக் கூடுகின்றன. மூலச் சார்பு பிளாங்க் மதிப்பைவிடக் குறைகிறது. இரண்டுமே கோட்டை வலிமையாக்கும். வலிமையான கோட்டை எல்டிஇ கண்ணாடியோடு பார்ப்பவர், சோடியம் அதிகம் என்று எழுதிவிடுவார். அதனால்தான் சோடியத்துக்கான திருத்தங்கள் பெரும்பாலும் எதிர்மறையாக வருகின்றன.

மார்ச் 6

அளவு கேட்டவருக்கு. 2011ல் கரின் லிண்டும் அவருடைய கூட்டாளிகளும் குளிர் விண்மீன்களுக்கு வெளியிட்ட விரிவான கணக்கை வைத்துச் சொல்கிறேன். மிதமாக உலோகம் குறைந்த விண்மீன்களில் மெல்லிய கோடுகளுக்கு −0.1 முதல் −0.2 டெக்ஸ். செறிவுற்ற, அதாவது அணுக்கள் கூடினாலும் அதிகம் வளராத, வலிய கோடுகளுக்கு −0.5ஐயும் தாண்டலாம். 0.3 டெக்ஸ் என்பது இரண்டு மடங்கு, 0.5 டெக்ஸ் மூன்று மடங்குக்கும் சற்றுக் கூடுதல். ஒரு விண்மீனின் சோடியத்தை மூன்று மடங்காகச் சொல்வது சிறிய விஷயம் அல்ல.

மார்ச் 6, மாலை

நேற்று எழுதியதில் ஒன்றைத் தனியே எடுத்துச் சொல்ல வேண்டும். நாம் பெரும்பாலும் வெளியிடுவது சோடியத்தை அல்ல, இரும்புக்கும் சோடியத்துக்குமான விகிதத்தை. நடுநிலை இரும்பு நேர்மாறாக நடந்துகொள்கிறது: கீழேயிருந்து வரும் புற ஊதா ஒளி அதை எல்டிஇ சொல்வதைவிட அதிகமாக அயனியாக்குகிறது, கோடுகள் மெலிகின்றன, எல்டிஇ இரும்பைக் குறைத்துச் சொல்கிறது. விகிதத்தில் மேலே இருக்கும் சோடியத்தில் கூட்டல் பிழை, கீழே இருக்கும் இரும்பில் கழித்தல் பிழை. விகிதத்தில் இரண்டும் ஒரே பக்கம் சேர்ந்துகொள்கின்றன! சோடியத்தை மட்டும் திருத்திவிட்டு, வகுக்கும் எண்ணில் எல்டிஇ இரும்பை வைத்திருக்கும் கட்டுரைகளை இன்னும் பார்க்கிறேன். குறைந்தபட்சம் அயனி இரும்பின் கோடுகளிலிருந்து இரும்பளவை எடுங்கள். அவை சமநிலைக்கு மிக அருகில் இருப்பவை.

அலுமினியம் இன்னும் மோசம். தனிம அட்டவணையில் சோடியத்துக்கு இரண்டு வீடு தள்ளி இருக்கிறது; விண்மீன்களில் உருவாகும் கதையும் உறவுடையதே. ஆனால் ஒளி அயனியாக்கத்துக்கு அது எளிதில் இரையாகிறது. உலோகம் குறைந்த விண்மீன்களில் அதன் வலிய நீலக் கோடுகளுக்குத் திருத்தம் நேர்மறையாக 0.6 டெக்ஸ் வரை போகும். அதே விண்மீனில் டி கோடுகளை எல்டிஇயில் எடுத்து, சோடியத்துக்கும் அலுமினியத்துக்கும் விகிதம் போட்டால், ஏறத்தாழ ஒரு டெக்ஸ், அதாவது பத்து மடங்கு, ஆகாயத்திலிருந்து முளைத்துவிடும்.

மார்ச் 9

டி கோடுகளை அளக்கப் புதிதாக இறங்கியிருப்பவர் ஒருவர், “இவ்வளவு வலிய கோடு இருக்கும்போது மெல்லியதைத் தேடி ஏன் அலைய வேண்டும்?” என்று கேட்கிறார். திரையில் அந்தப் பகுதியைப் பெரிதாக்கிப் பாருங்கள். நான் வழக்கமாகப் பார்ப்பது இதைத்தான்.

முதலில் 5890ஐச் சுற்றிலும் ஊசி போன்ற மெல்லிய கோடுகள் சிதறிக் கிடக்கும். அவை நம் வளிமண்டலத்து நீராவியுடையவை. ஈரமான இரவில் தடிக்கும், வறண்ட இரவில் மங்கும். சில நேரம் ஒன்று சரியாக டி கோட்டின் சரிவில் உட்கார்ந்திருக்கும். வேகமாகச் சுழலும் வெப்ப விண்மீன் ஒன்றை அதே இரவில் எடுத்திருந்தால், அதை வைத்து வகுத்து நீக்கிவிடலாம்.

பிறகு, விண்மீனின் கோட்டுக்குப் பக்கத்திலேயே கூர்மையான இன்னொரு கோடு. சில விண்மீன்களில் இரண்டு, மூன்று. அவை நமக்கும் விண்மீனுக்கும் இடையே உள்ள வாயு மேகங்களின் சோடியம். 1919ல் மேரி லீ ஹீகர், இரட்டை விண்மீன்களில் மற்றக் கோடுகள் ஆடும்போது சோடியக் கோடு அசையாமல் நிற்பதைக் கண்டது இதையே. விண்மீனின் ஆரத் திசைவேகம் (நம்மை நோக்கியோ விலகியோ செல்லும் வேகம்) போதுமான அளவு பெரிதாக இருந்தால் இரண்டும் விலகி நிற்கும். இல்லையென்றால் ஒன்றன்மேல் ஒன்று ஏறிக்கொள்ளும். அந்த விண்மீனின் டி கோடுகளை நான் அளப்பதில்லை. பாதி மேகத்தை விண்மீனின் கணக்கில் எழுத மனம் ஒப்பாது.

மூன்றாவதாக, வான வெளிச்சத்தைச் சரியாகக் கழிக்கவில்லை என்றால் கோட்டின் நடுவே ஒரு சிறு மேடு எழும்பி நிற்கும். 90 கிலோமீட்டர் உயரத்தில் விண்கற்கள் விட்டுச்சென்ற சோடிய அணுக்களின் மெல்லிய அடுக்கு ஒன்று இருக்கிறது. லேசர் செயற்கை விண்மீனை உருவாக்க அதே அடுக்கைத்தான் பயன்படுத்துகிறார்கள். சோடிய விளக்குகளின் ஒளியும் அதே இடத்தில் வந்து விழும்.

8183, 8194 இணைக்கும் நீராவித் தொல்லை உண்டு. 8194 உண்மையில் ஒட்டிய இரு கூறுகள் என்பதை மறக்காமல் இரண்டையும் கோட்டுப் பட்டியலில் சேருங்கள். 6160க்குப் பக்கத்தில் 6161.3ல் கால்சியம் உட்கார்ந்திருக்கிறது. குளிர்ந்த பெருவிண்மீன்களில் தொடர்நிறமாலையை எங்கே வைப்பது என்பதே அங்கு ஒரு பஞ்சாயத்து. இவற்றில் எதுவும் நான்-எல்டிஇ அல்ல. ஆனால் இவற்றைச் சரிசெய்யாமல் நான்-எல்டிஇயைப் பேசுவதில் பொருளில்லை.

மார்ச் 10

நேற்றைய கேள்விக்கு இயற்பியல் விடை பாக்கி இருக்கிறது. வலிய கோடு ஏன் இவ்வளவு ஆபத்தானது?

அணுக்கள் கூடக் கூடக் கோடு எப்படி வலுக்கிறது என்பதைக் காட்டுவது வளர் வளைகோடு; கோட்டின் மொத்த உறிஞ்சலின் அளவு சமான அகலம். வளைகோட்டின் நேர்ப்பகுதியில் சமான அகலம் 10 சதவீதம் கூடினால் அணுக்களும் 10 சதவீதமே கூடியிருக்க வேண்டும்: 0.04 டெக்ஸ். கோடு செறிவுற்றதும் வளைகோடு படுத்துக்கொள்கிறது. நடுவில் ஒளியியல் ஆழம் (ஒளியை மறிக்கும் அளவு) 100 உள்ள ஒரு கோட்டுக்கு, இறக்கைகள், அதாவது இருபுறச் சரிவுகள், இன்னும் வளராத நிலையில், அதே 10 சதவீதத்தை விளக்க அணுக்கள் ஏறத்தாழ இரண்டரை மடங்காக வேண்டும்: 0.4 டெக்ஸ். ஆகவே நான்-எல்டிஇ அடித்தளத்தைச் சற்றே ஆழமாக்கினாலும் போதும், எல்டிஇயின் விடை எங்கோ ஓடிவிடும்.

இன்னும் வலிமை கூடி இறக்கைகள் விரிந்தபின் கதை மாறுகிறது. இறக்கைகள் ஆழத்தில், மோதல்கள் மேலோங்கிய இடத்தில் உருவாகின்றன. சமான அகலத்தில் இறக்கையின் பங்கு கூடக் கூடத் திருத்தம் சுருங்குகிறது. மறுமுனையில், சூரியனைவிடப் பத்தாயிரம் மடங்கு இரும்பு குறைந்த விண்மீன்களில் டி கோடுகளே மெல்லிய கோடுகளாகிவிடுகின்றன, அங்கேயும் சுருங்குகிறது. திருத்தம் உச்சத்தைத் தொடுவது இடையில், சூரியனைவிட நூறு மடங்கு இரும்பு குறைந்த பகுதிக்கு அருகில். மோசமான தற்செயல்: மெல்லிய கோடுகள் மறையத் தொடங்கி, எல்லோரும் டி கோடுகளிடம் தஞ்சம் புகுவதும் அங்கேதான்.

மார்ச் 10, சிறு குறிப்பு

நுண்கொந்தளிப்புத் திசைவேகத்தை (வாயுவின் சிறு அசைவுகள் கோட்டை அகலமாக்குவதைக் குறிக்க மாதிரியில் வைக்கும் எண்) கூட்டி இந்த வித்தியாசத்தை மறைத்துவிடலாம் என்று ஒருவர் எழுதியிருக்கிறார். மறைக்கலாம். சோடியம் ஒத்துப்போகும், இரும்பு கெட்டுப்போகும்.

மார்ச் 14

“நான்-எல்டிஇ கணக்கும் ஒரு மாதிரிதானே? குழுவுக்குக் குழு திருத்தம் வேறுபடுகிறதே?” நல்ல கேள்வி. நீண்ட காலம் இதற்கு நேர்மையான விடை “ஆம்” என்பதுதான்.

சிக்கலின் பெயர் ஹைட்ரஜன். குளிர் விண்மீனின் வளிமண்டலத்தில் எலக்ட்ரான்களைவிட நடுநிலை ஹைட்ரஜன் அணுக்கள் பல்லாயிரம் மடங்கு அதிகம். அவை சோடியத்தை மோதி எந்த மட்டத்துக்குத் தள்ளும் என்று யாருக்கும் சரியாகத் தெரியாத காலத்தில், டிராவினின் பழைய செவ்வியல் சூத்திரத்தை 1984ல் ஸ்டீன்பாக், ஹோல்வெகர் இருவரும் விண்மீன்களுக்கு ஏற்றவாறு எடுத்தாண்டார்கள். அதன் பிறகு ஒவ்வொரு குழுவும் அந்தச் சூத்திரத்தை ஒரு காரணியால் பெருக்கிக்கொண்டது. சிலர் பூச்சியம், சிலர் ஒன்று, சிலர் இடையில். மோதல் கூடினால் அணு சமநிலைக்குத் திரும்பும், குறைந்தால் விலகும். ஆக அந்தக் காரணியைத் திருகித் திருத்தத்தின் அளவையே மாற்ற முடிந்தது. அந்தக் கட்டத்தில் கேள்வி கேட்டவரின் சந்தேகம் முழுக்க நியாயமானது.

நிலைமை 2010ல் மாறியது. சோடியம்–ஹைட்ரஜன் மோதல்களுக்குக் குவாண்டம் இயக்கவியல் கணக்குகள் வந்தன. பார்க்லெம், பெலியாயெவ் குழுவினரின் வேலை அது. பழைய சூத்திரம் பல தாவல்களுக்குப் பத்தின் அடுக்குகளில் பிசகியிருந்தது. அதைவிட முக்கியமாக, சூத்திரம் கனவிலும் காணாத ஒரு வழி திறந்தது: கிளர்வுற்ற சோடியம் தன் எலக்ட்ரானை ஹைட்ரஜனிடம் கொடுத்துவிடுகிறது. சோடியம் நேரயனி, ஹைட்ரஜன் எதிரயனி. திரும்பியும் நடக்கிறது. குறிப்பாக 4எஸ் மட்டத்திலிருந்து இந்தக் கொடுக்கல் வாங்கல் மிக வேகம். லிண்ட் குழுவின் 2011 கணக்கு இந்தத் தரவுகளின் மேல் நிற்கிறது. இனி சோடியத்துக்கு யாரும் காரணியைத் திருக வேண்டியதில்லை. பெருக்கல் காரணி போட்ட பழைய திருத்தங்களையும் புதியவற்றையும் ஒரே அட்டவணையில் கலக்காதீர்கள்.

மார்ச் 15

மார்ச் 5 குறிப்பைத் திரும்பப் படித்தபோது ஒரு மறுப்பு எனக்கே எழுந்தது: சூரியனோடு ஒப்பிட்டு, கோட்டுக்குக் கோடு கழித்தால் திருத்தமும் கழிந்துவிடாதா?

சூரியனின் இரட்டை என்று சொல்லத்தக்க விண்மீன்களுக்குக் கழிந்துவிடும், கிட்டத்தட்ட முழுவதுமாக. வாசகரின் பட்டியலில் முதல் பாதிக்கு அவர் செய்தது போதும். அதைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். ஆனால் அவர் பட்டியலில் பெருவிண்மீன்களும் இருக்கின்றன. சூரியனில் 6154, 6160 கோடுகளுக்கான திருத்தம் டெக்ஸில் நூறில் சில பங்கு மட்டுமே. பெருவிண்மீனின் வளிமண்டலம் அடர்த்தி குறைந்தது, மோதல்கள் அரிது, கோடுகளும் வலியவை. அங்கே திருத்தம் அதைப் போலச் சில மடங்கு. வித்தியாசம் அப்படியே விடையில் தங்கிவிடும். எல்லா விண்மீனுக்கும் ஒரே எண்ணைக் கழித்தாலும் அப்படியே தங்கிவிடும். திருத்தம் ஒரு மாறிலி அல்ல. வெப்பநிலை, மேற்பரப்பு ஈர்ப்பு, இரும்பளவு, கோட்டின் வலிமை, இத்தனையோடும் சேர்ந்து சரிகிறது. சரிவு இருக்கும் இடத்தில் பொய்க் கண்டுபிடிப்பு பிறக்கும்.

மார்ச் 21

“பொய்க் கண்டுபிடிப்பு” என்ற சொல் சிலருக்குக் கடுமையாகப் பட்டிருக்கிறது. உதாரணம் தருகிறேன்.

இரும்பு மிகமிகக் குறைந்த பழைய விண்மீன்களில் எல்டிஇ சோடியத்தைப் பாருங்கள். இரும்பளவு மாற மாறச் சோடிய விகிதம் சாய்கிறது. பெருவிண்மீன்கள் ஒரு கூட்டம், திருப்பு முனையில், அதாவது மையத்து ஹைட்ரஜன் தீரும் கட்டத்தில், உள்ள குறுவிண்மீன்கள் வேறு கூட்டம். முதல் தலைமுறைச் சூப்பர்நோவாக்களின் விளைச்சலைப் பற்றி அந்தச் சாய்வை வைத்து எவ்வளவோ எழுதலாம். 2007ல் ஆந்திரியெவ்ஸ்கி குழு அதே விண்மீன்களை நான்-எல்டிஇயில் கணக்கிட்டது. சாய்வு போனது. இரு கூட்டங்களும் ஒன்று சேர்ந்தன. இரும்போடு சோடிய விகிதம் சூரிய மதிப்புக்கு ஏறத்தாழ 0.2 டெக்ஸ் கீழே, தட்டையாக நின்றது. சூப்பர்நோவா மாதிரிகள் விளக்க வேண்டியது அந்தத் தட்டையை.

திறந்த கொத்துகளிலும் இதே ஆபத்து. ஏறத்தாழ இரண்டு சூரிய நிறைக்கு மேற்பட்ட விண்மீன் பெருவிண்மீனாகும்போது, உள்ளே நியான்–சோடியச் சுழற்சி என்ற அணுக்கரு வினையில் உண்டான சோடியம், உள்ளடுக்குப் பொருள் முதன்முறை மேற்பரப்போடு கலக்கும் முதல் கலக்கத்தில் மேலே வருகிறது. உண்மையான விளைவு, ஆனால் சிறியது. எல்டிஇ பிழையும் அதே திசை, ஒத்த அளவு. உண்மையும் பிழையும் ஒரே சட்டையைப் போட்டுக்கொண்டு வந்தால் திருத்தாமல் பிரிக்க வழியே இல்லை.

மார்ச் 22

அப்படியானால் கோளக் கொத்துகளின் சோடியம்–ஆக்சிஜன் எதிர்த்தொடர்பும் (சோடியம் கூடிய விண்மீனில் ஆக்சிஜன் குறைவது) மாயையா? இல்லை. இதில் நான் உறுதியாக நிற்கிறேன். ஒரே கொத்தில், ஒரே ஒளிர்வும் வெப்பநிலையும் கொண்ட பெருவிண்மீன்களை ஒப்பிடும்போது திருத்தங்கள் ஏறத்தாழ ஒன்றே. சோடியத்தின் பரவலோ அரை டெக்ஸையும் தாண்டுகிறது. நான்-எல்டிஇ அந்தப் படத்தை மொத்தமாகக் கீழே நகர்த்தும், சற்றுச் சுருக்கவும் கூடும். அழிக்காது. குறுவிண்மீன்களிலும் அதே எதிர்த்தொடர்பு இருக்கிறது.

கவனம் தேவைப்படும் இடம் வேறு. 2013ல் சைமன் கேம்பெல் குழு, என்ஜிசி 6752 கொத்தில் மையத்து ஹீலியத்தை எரித்து முடித்து இரண்டாம் முறை பெருவிண்மீனாகும் கட்டத்து விண்மீன்கள் எல்லாமே சோடியம் குறைந்தவை என்று நேச்சர் இதழில் எழுதியது. சோடியம் கூடிய 70 சதவீத விண்மீன்கள் அந்தக் கட்டத்தை எட்டுவதே இல்லை என்பது அவர்களின் முடிவு. பிறகு வந்த ஆய்வுகள் அதே கொத்தில் சோடியம் மிதமாகக் கூடியவையும் அக்கட்டத்தை எட்டியிருப்பதாக வாதிட்டன. வெப்பநிலை, இரும்பின் அயனியாக்கம் என்று விவாதம் நீண்டது. யார் பக்கம் என்று நான் இங்கே தீர்ப்புச் சொல்ல வரவில்லை. இரு வேறு பரிணாமக் கட்டங்களை ஒப்பிடும்போது, வளிமண்டலம் மாறுவதையும் சோடியம் மாறுவதையும் பிரித்துக் காட்டும் பொறுப்பு ஒப்பிடுபவருடையது.

ஏப்ரல் 2

விவாதம் கோள்கள் பக்கம் நகர்ந்திருக்கிறது. சம்பந்தம் இல்லை என்று ஒதுக்க வேண்டாம். நிறையச் சம்பந்தம் உண்டு.

புறக்கோள் ஒன்றின் வளிமண்டலம் முதன்முதலில் கண்டறியப்பட்டதே சோடிய டி கோடுகளால். எச்டி 209458 என்ற விண்மீனின் கோள். ஹப்பிள் தொலைநோக்கியில் சார்பனோ குழு 2002ல் வெளியிட்டது. கோள் விண்மீனைக் கடக்கும்போது வட்டின் வெவ்வேறு பகுதியை மறைக்கிறது. வட்டின் நடுவிலும் விளிம்பிலும் டி கோட்டின் வடிவம் ஒன்றல்ல. கூடவே விண்மீனின் சுழற்சியும் சேர்கிறது. மறைக்கப்படும் பகுதி மாற மாற மொத்த நிறமாலையில் கோட்டின் வடிவமும் மாறி, கோளின் சோடியம் போலவே ஒரு சுவடு தோன்றும். 2020ல் கசசாயாஸ்-பாரிஸ் குழு அதே கோளை உயர் பிரிதிறனில் பார்த்தபோது, அங்கு தெரிந்த சுவட்டை விண்மீனின் இந்த விளைவுகளே விளக்கிவிடுகின்றன என்று காட்டியது.

நடுவிலிருந்து விளிம்புக்குக் கோடு எப்படி மாறும் என்பதை எல்டிஇ சரியாகச் சொல்லாது. விளிம்பில் நாம் பார்ப்பது மேலடுக்குகளை. சமநிலை மிக அதிகமாக உடைந்திருப்பதும் அங்கேதான். விண்மீனின் சோடியத்தைச் சரியாகக் கணக்கிடாதவருக்குக் கோளின் சோடியத்தைப் பற்றிப் பேச உரிமை இல்லை என்றே சொல்வேன்.

ஏப்ரல் 3

முப்பரிமாண மாதிரிகள் பற்றிச் சுருக்கமாக. சூரியனின் மேற்பரப்பு கொதிக்கும் குமிழ்களால் ஆனது. ஒற்றைப் பரிமாண மாதிரி அதைச் சராசரித் தட்டாக மாற்றிவிடுகிறது. உலோகம் குறைந்த விண்மீன்களில் முப்பரிமாண மாதிரியின் மேலடுக்குகள் ஒற்றைப் பரிமாண மாதிரியில் இருப்பதைவிடக் குளிர்ந்தவை. முப்பரிமாணத்தை எடுத்துக்கொண்டு எல்டிஇயை விடாமல் பிடித்திருப்பது பல தனிமங்களுக்கு இரண்டையும் விட்டதைவிட மோசமான விடையைத் தரும். இரண்டையும் சேர்த்தே செய்ய வேண்டும். சூரியனுக்கு அப்படிச் செய்துதான் 2021ல் அஸ்ப்லண்ட் குழு சோடியத்துக்கு 6.22, பிழை வரம்பு 0.03 என்று மதிப்பிட்டது. ஹைட்ரஜன் 12 என்ற அளவுகோலில்.

ஏப்ரல் 11

கேள்வி கேட்டவர் பெருவிண்மீன்களில் 5682, 5688 இணையையும் அளந்து பார்த்திருக்கிறார். எல்டிஇயில் அவை 6154, 6160ஐவிடக் கூடுதல் சோடியம் காட்டுகின்றன. கோட்டுக்குக் கோடு திருத்தம் போட்டதும் இடைவெளி பிழை வரம்புக்குள் அடங்கிவிட்டது. மிக்க மகிழ்ச்சி. அவருடைய பெருவிண்மீன்களின் சோடியம் இப்போது குறுவிண்மீன்களைவிடச் சற்றே அதிகம். அந்த மிச்சம் முதல் கலக்கத்துடையதாக இருக்கலாம், அதை நிறையோடு வரைந்து பார்க்க வேண்டும்.

வெளியிடும்போது என்னென்ன தர வேண்டும் என்று கேட்டிருக்கிறார். சராசரி மதிப்பை மட்டும் தராதீர்கள். ஒவ்வொரு விண்மீனுக்கும் ஒவ்வொரு கோட்டின் சமான அகலம், நீங்கள் எடுத்துக்கொண்ட அலையியற்றி வலிமை (அந்தத் தாவல் ஒளியை எவ்வளவு வலுவாக உறிஞ்சும் என்ற எண்), எல்டிஇ மதிப்பு, திருத்தம், திருத்தம் எந்தக் கணக்கிலிருந்து வந்தது, இத்தனையும் தனித்தனி நெடுவரிசைகளில். எல்டிஇ நெடுவரிசையை வெட்கப்பட்டு நீக்க வேண்டாம். மோதல் தரவுகள் இன்னும் மேம்படும், முப்பரிமாண மாதிரிகளின் தொகுப்புகள் இன்னும் அடர்த்தியாகும். அப்போது வருபவர் உங்கள் சமான அகலங்களிலிருந்து புதிதாகத் தொடங்குவார். 6160ல் தொடர்நிறமாலையை எங்கே வைத்தீர்கள் என்பதையும் ஒரு வரியில் எழுதிவிடுங்கள்.